பாஸ்போர்ட் இல்லாத அம்மாவும் கடற்கரைக் கல்யாணமும்

டிப்போவில் அவளை எல்லோரும் ஹாரன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். வண்டியின் ஹாரனை அவள் அதிகம் தொடுவதில்லை. அந்த வேலையை அவள் தொண்டையே பார்த்துக்கொள்ளும். குறுக்கே புகுகிற பைக்காரன், நிறுத்தத்தை அடைத்துக்கொண்டு நிற்கிற லாரிக்காரன், படியிலேயே நின்று போன் பேசுகிறவன் என்று யாரும் அவள் வாய்க்குத் தப்பியதில்லை. ஆனால் திட்டி முடித்த கையோடு, தூரத்தில் ஓடி வருகிற பயணிக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். "அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில நிக்கும். தும்மினாப் போயிடும்" என்று மற்ற டிரைவர்கள் சிரிப்பார்கள்.

மகளின் கல்யாணத்தை ஒட்டி வந்த கோபம் மட்டும் அப்படிப் போகவில்லை.

பையன், மகள் தானே பார்த்துக்கொண்டவன். இருவரும் ஒரே காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தார்கள். பையனின் அப்பாவுக்குப் பெரிய டைல்ஸ் கடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்திகள் இருவரும் பையனோடு வீட்டுக்கு வந்தார்கள். சோபாவில் இடம் போதாமல் அவள் கணவர் சமையலறை ஸ்டூலைத் தூக்கிவந்து உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிற அவர், வார்த்தைகளையும் அப்படித்தான் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் ஒன்றிரண்டை மட்டும் வெளியே விடுவார்.

டைல்ஸ் கடைக்காரர் லேப்டாப்பைத் திறந்தார். திரை முழுக்க நீலக் கடல், வெள்ளை மணல், தென்னை மரங்கள். வெப்பமண்டலத்தில் எங்கோ ஒரு தீவு நாடு.

"கல்யாணத்தை இங்க வச்சுக்கலாம்னு இருக்கோம். ரெண்டு வீட்லயும் நெருங்கின சொந்தம் மட்டும். விசாவுக்கு அலையவே வேண்டாம். பாஸ்போர்ட் ஆறு மாசம் செல்லணும், திரும்பி வர்ற டிக்கெட் இருக்கணும், ஹோட்டல் புக்கிங்கைக் காட்டணும். இறங்கின உடனே முத்திரை குத்தி விட்டுடுவாங்க" என்றார்.

"எல்லாருக்கும் பாஸ்போர்ட் நகல் மட்டும் வேணும்" என்றாள் சம்பந்தியம்மா.

ஹாரன் அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "என்கிட்ட பாஸ்போர்ட் இல்லைங்களே."

"எடுத்துடலாமே, அதுக்கென்ன?"

"எடுக்க முடியாது. எனக்கு இந்த நாட்டுக் குடியுரிமை கிடையாது."

அவள் மகளைப் பார்த்தாள். மகள் தன் கைவிரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அதுதான் தாய்க்குச் சுருக்கென்று தைத்தது.

கதை இதுதான். சின்னக் குழந்தையாகச் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவள் அவள். பிறந்த ஊரில் சண்டை. பதிவு அலுவலகம் எரிந்தபோது அவள் பிறந்த அத்தாட்சியும் எரிந்துபோனது. வளர்ந்து, இங்கேயே பிறந்த ஒருவரைக் கட்டிக்கொண்டபின் குடியுரிமை கேட்டுப் போனாள். பிறப்புச் சான்றிதழ் எங்கே என்றார்கள். எரிந்துபோனது என்றாள். எரிந்துபோனதற்குச் சான்றிதழ் கொண்டுவா என்றார்கள். இரண்டாம் தடவையும் அதே பாட்டு. அதிகாரியின் மேஜையைத் தட்டிச் சத்தம் போட்டுவிட்டு வெளியே வந்தவள், அதற்குப்பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நாடில்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற சாம்பல் நிறப் பயணப் பத்திரம் ஒன்று மட்டும் அவளிடம் இருந்தது. அதை நீட்டினால் பாதி நாடுகளில் கதவு திறக்காது.

"அதனால என்ன? வீடியோவுல நேரடியாக் காட்டிடலாம். பக்கத்துல நிக்கற மாதிரியே இருக்கும்" என்றார் டைல்ஸ் கடைக்காரர்.

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் எரிந்தது. வந்திருக்கிறவர்கள் சம்பந்திகள் என்ற ஒரே காரணத்துக்காக அவள் வாய்வரை வந்ததை மென்று முழுங்கினாள். டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தொட்டியில் டம்ளர்கள் விழுந்த சத்தம் அவள் பேசாததையெல்லாம் பேசியது.

அவர்கள் போனதும் மகளைக் கூப்பிட்டாள்.

"உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்மா."

"அவங்ககிட்ட சொன்னியா?"

"இல்ல."

"ஏன்?"

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கம்மாவுக்கு நாடே இல்லன்னு நான் எப்படிம்மா அவங்ககிட்ட சொல்றது?"

"நாடு இல்லாதவ ஓட்டின பஸ்லதான்டி நீ காலேஜுக்குப் போன! அந்தச் சம்பளத்துல வாங்கின செருப்பைப் போட்டுக்கிட்டுத்தான் அந்த ஆபீஸ் படி ஏறுன! அப்பெல்லாம் வராத வெக்கம் இப்ப எங்கிருந்துடி வந்துச்சு?"

"கத்தாதம்மா, பக்கத்து வீட்ல கேக்கும்."

"கேக்கட்டும்! அவங்களுக்காவது தெரியட்டும்!"

அதற்குப்பிறகு அவள் மகளோடு நேரடியாகப் பேசவில்லை. எல்லாம் கணவர் வழியாகத்தான். "சாப்பாடு மூடி வச்சிருக்குன்னு சொல்லுங்க உங்க மககிட்ட." மகள் ஒரு முழம் தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பாள். அவரும் கடமை தவறாமல், "சாப்பாடு மூடி வச்சிருக்காம்" என்பார். ஒருநாள் அவருக்கே அலுத்துப்போய், "எனக்கும் சேத்து ஏதாவது சொல்லேன், தூது போறவனுக்குப் பசிக்காதா?" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. மகள் இருந்ததால் அடக்கிக்கொண்டாள்.

"விட்டுடேன். எதுக்கு உடம்பைக் கெடுத்துக்கற?" என்றார் அவர் இன்னொரு நாள்.

"நான் ஏங்க விடணும்? அந்தத் தீவுக்காரங்க விசா இல்லைன்னு சொல்லட்டும். கேக்கறதுக்கு முன்னாடி நானா ஏன் ஒதுங்கிக்கணும்?"

விடுப்பு எடுத்துக்கொண்டு அந்தத் தீவு நாட்டின் விசா அலுவலகத்தைத் தேடிப் போனாள். கப்பல் சரக்குக் கம்பெனி ஒன்றின் மாடியில் ஒரே அறை. டை கட்டிய எழுத்தர் ஒருவன் அவளுடைய பயணப் பத்திரத்தை, ஈரத்தில் விழுந்த துணியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான். மற்றவர்களுக்கு இறங்கியதும் கிடைக்கிற விசா அவளுக்குக் கிடைக்காதாம். முன்னாலேயே வாங்க வேண்டுமாம். ஹோட்டல் புக்கிங்கும் டிக்கெட்டும் போதாது. வேலை செய்கிற இடத்துக் கடிதம், போலீசில் நன்னடத்தைச் சான்று எல்லாம் வேண்டும். அதோடு, திரும்பி வந்தால் இந்த நாடு அவளை உள்ளே விடும் என்ற அனுமதி முத்திரையும் வேண்டும்.

"நான் வாழற ஊருக்கு நான் திரும்பி வர அனுமதியா?"

"உங்க ஊருன்னு இதுல எங்கேயும் எழுதலையே" என்றான் அவன்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாங்கினாள். டிப்போ மேலாளர் கடிதம் எழுதிக் கொடுத்து, "நன்னடத்தைன்னு நானும் ஒரு வரி சேத்திருக்கேன். பொய்னு கண்டுபிடிச்சா என்னை மாட்டிவிட்டுடாதீங்க அக்கா" என்றார். போலீஸ் அலுவலக வரிசையில் கால் கடுக்க நின்றாள். எல்லாவற்றையும் கொண்டுபோய் வைத்தபோது எழுத்தர் பேனாவைத் திருப்பிக்கொண்டே கேட்டான்.

"போயிட்டு அங்கேயே தங்கிட மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"தங்கிட்டா இங்க பஸ்ஸை உங்கப்பனா வந்து ஓட்டுவான்?"

கீழ்த்தளத்தில் சரக்கு எண்ணிக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். உள்ளறையிலிருந்து பெரியவர் ஒருவர் ஓடிவந்தார். "அம்மா, கத்தாதீங்க."

"நான் கத்தலைங்க. என் குரலே இதுதான். பொண்ணு கல்யாணத்தைப் பாத்துட்டு வர்றேன்னு கேக்கறேன். இவன் என்னமோ நான் அவன் தீவைச் சுருட்டிப் பையில போட்டுக்கப் போற மாதிரி கேக்கறான்!"

பெரியவர் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தார். முடிவு தீவில்தான் எடுப்பார்கள், தான் வெறுமனே அனுப்பிவைக்கிறவன் என்றார். அவர் தன்மையாகப் பேசியது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சண்டை போடக்கூட ஆள் இல்லையே என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினாள்.

பதில் தபாலில் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்படவில்லை, காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. அன்று அவளுக்குக் காலை ஷிப்ட். உறையைப் பிரித்துப் படித்தது மகள்தான்.

மத்தியானம் டிப்போவில் கை கழுவிக்கொண்டிருந்தபோது சம்பந்தியம்மா போன் செய்தாள்.

"உங்க பொண்ணு கடைக்கே வந்துட்டா. வாடிக்கையாளருங்க நிக்கறாங்க, அவங்க முன்னாடியே சொல்றா. 'அம்மாகிட்ட பாஸ்போர்ட் இல்லன்னு எனக்கு முதல்லயே தெரியும். வெக்கப்பட்டு மறைச்சேன், தப்பு என்னுது. அம்மா வர முடியாத இடத்துல நான் கழுத்தை நீட்ட மாட்டேன்'னு. எங்க வீட்டுக்காரர் முகத்துல ஈயாடலை."

"பையன் என்ன சொன்னாரு?"

"அவன் என்ன சொல்வான்? அவ பக்கத்துல போய் நின்னுக்கிட்டான்."

வீட்டுக்கு வந்தவள் மகளின் எதிரே நின்றாள். பல நாளுக்குப்பின் நேரடிப் பேச்சு.

"இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருந்தா எனக்கு இத்தனை அலைச்சல் இருந்திருக்குமாடி?"

"இல்லம்மா."

"இன்னிக்குச் சொல்லிட்டா எல்லாம் சரியாயிடுமா?"

"ஆகாதும்மா."

உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள்.

கல்யாணம் இந்த ஊரிலேயே, பதிவு அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த சிறிய மண்டபத்தில் நடந்தது. வெளியே கொட்டோ கொட்டென்று மழை. டைல்ஸ் கடைக்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, தண்ணிப் பக்கம் நடக்கலைங்கறதுதான் குறை" என்றார்.

"வாசல்ல வேணுங்கற தண்ணி இருக்கு சம்பந்தி, போய் நின்னுக்குங்க" என்றாள் ஹாரன் அக்கா. முதலில் சிரித்தது அவர் மனைவிதான்.

கல்யாணம் முடிந்த கையோடு மகள் குடியுரிமை விஷயத்தைக் கையில் எடுத்தாள். அம்மாவை அழைத்துக்கொண்டு, அவள் மேஜையைத் தட்டிவிட்டு வந்த அதே குடியுரிமை அலுவலகத்துக்கு மறுபடி போனாள். வயதான சித்தி வந்து உறுதிமொழி கொடுத்தாள். அம்மா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பள்ளிக்கூடம் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தது. அம்மாவின் குரல் உயரும்போதெல்லாம் மகள் மேஜைக்கடியில் அவள் புடவையைப் பிடித்து இழுப்பாள். ஒருநாள், எரிந்துபோன பிறப்புச் சான்றிதழையே அதிகாரி திரும்பவும் கேட்டபோது மகளே எழுந்து நின்று கத்தினாள். இந்தத் தடவை ஹாரன் அக்காதான் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

குடியுரிமை கிடைத்தது, பின்னாலேயே பாஸ்போர்ட்டும். டிப்போவில் எல்லோரும் அதை வாங்கிப் புரட்டினார்கள். "இனிமே அந்தத் தீவுக்கு இறங்கின உடனே விசா அக்கா, எப்பப் போறீங்க?" என்று கேட்டான் ஒருவன்.

"என்னை வேண்டாம்னவன் வாசல்ல போய் நான் எதுக்குடா நிக்கணும்? வேற ஊரா இல்ல?"

அன்று சாயங்காலம் மகள் வந்திருந்தாள். அம்மா தட்டு வைத்தாள்.

"அம்மா, இன்னும் கோபமா?"

"ஆமா."

"எப்பம்மா போகும்?"

"தெரியல. நீ சாப்பிடு, ஆறுது."