இரண்டு மாநிலத்துச் சான்றிதழ்

1960 ஏப்ரல் முதல் தேதி சத்தியவேடு வட்டாரத்தில் இருந்த எங்கள் ஊர், செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து சித்தூர் மாவட்டத்துக்கு, அதாவது சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திராவுக்குப் போனது. மார்ச்சில் நான் வாங்கிய பிறப்பிடச் சான்றிதழ் என்னைச் சென்னை மாநிலத்தான் என்றது. மே மாதம் வாங்கியது ஆந்திரத்தான் என்றது. இரண்டுக்கும் முத்திரை இருந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அந்த வருஷம் இப்படித்தான் இரண்டையும் பத்திரப்படுத்தினோம். அதில் தவறு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

அப்போது நான் வேலூரில் பி.எஸ்சி. முதல் வருஷம் முடித்திருந்தேன். இரண்டாம் வருஷத்துக்கு மாற்றல் கேட்டு, பழைய சான்றிதழோடு சென்னைக் கல்லூரி ஒன்றுக்கும், புதியதோடு திருப்பதிக் கல்லூரி ஒன்றுக்கும் விண்ணப்பித்தேன். திருப்பதியில் காலியாக இருந்தது ஒரே இடம். பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. அடுத்த பெயர் வேலூர் விடுதியில் என் அறையில் இருந்த புத்தூர்க்காரனுடையது.

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை ரேணிகுண்டா ஸ்டேஷனில் அவனைப் பார்த்தேன். அவனுடைய தகப்பனார் ரயில்வே பட்டறையில் விழுந்து படுக்கையாகியிருந்தார்.

"இன்னாடா, மெட்ராஸ்லேர்ந்து கடுதாசி வந்துச்சா?"

"இன்னும் வரல."

"ரெண்டு சர்டிபிகேட்ட வச்சிக்கினு ரெண்டு ராஜ்யத்துக்கும் மாப்பிள்ள மாதிரி நிக்கிற. எந்தப் பொண்ணுன்னு சொல்லித் தொலையேன்" என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நைனாவ அம்மா ஒருத்தியால தூக்க முடியலடா. திருப்பதின்னா காலைல ரயில்ல போய்ட்டு சாயங்காலம் வந்துடுவேன். வேலூருக்குன்னா இனி போக முடியாது, படிப்ப வுட்டுட வேண்டிதான். உனக்கு மெட்ராஸ் கெடச்சா ஒடனே திருப்பதி சீட்டு வேணாம்னு எழுதிக் குடுத்துடு" என்றான்.

"குடுத்துடறேன்" என்றேன். சென்னையிலிருந்து இடம் கொடுத்து வந்த கடிதம் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. சனிக்கிழமையே வந்துவிட்டது.

ஏன் மறைத்தேன்? அந்தப் பழைய சான்றிதழ் இனி செல்லுமா என்று யாராவது கேட்டால் சென்னை இடம் போய்விடுமே என்ற பயம். அது பாதிதான். மீதி, இரண்டு இடமும் என் கையில் இருக்கின்றன என்ற சுகம். வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் கோடு போட்டேன். ஒரு பக்கம் சென்னை: பெரிய நூலகம், நல்ல ஆய்வுக்கூடம். மறுபக்கம் திருப்பதி: வீட்டுக்குப் பக்கம், ஆந்திர அரசு வேலை. எட்டு நாள் எழுதி எழுதி அடித்தேன். அவன் தகப்பனார் அந்தத் தாளில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

முதலில் சென்னைக்குப் போய்ப் பணம் கட்டி, ரசீது கைக்கு வந்த பிறகுதான் திருப்பதிக்குப் போனேன். இடம் வேண்டாம் என்று எழுதிய என் கடிதத்தைக் குமாஸ்தா வாங்கவே இல்லை.

"வெயிட்டிங் லிஸ்ட்ட நேத்தே மூடிட்டோம். நீங்க சேர்றதுன்னா சேருங்க. இல்லாட்டி சீட்டு காலியாதான் கெடக்கும். ஒரு நாள் முன்ன வந்திருக்கக் கூடாதா, பாபு?"

அந்த இடம் அந்த வருஷம் முழுவதும் காலியாகவே இருந்தது. அவன் படிப்பை விட்டு, புத்தூரிலேயே ஒரு மாங்காய் மண்டியில் எழுத்து வேலைக்குப் போனான்.

திருப்பதியிலிருந்து திரும்பிய அன்றே புத்தூரில் அவன் வீட்டுக்குப் போய், சென்னைக் கடிதம் முந்தாநாள்தான் வந்தது என்றேன். அன்றைய நாட்குறிப்பிலும் அப்படியே எழுதினேன். பதினான்கு வயதிலிருந்து எழுதிவரும் நாட்குறிப்புகளில் தெரிந்தே நான் எழுதிய பொய்த் தேதி அது ஒன்றுதான். திருத்தப் பலமுறை பேனாவை எடுத்திருக்கிறேன். திருத்தினால் ஒழுங்கானவன் ஆகிவிடுவேனோ என்று விட்டுவிடுகிறேன்.

அவன் அதை நம்பினான். வாசல் வரை வந்து, என் தோளில் கை வைத்து, "தபால்காரன் லேட் பண்ணா நீ இன்னாடா செய்வ? மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு நிக்காத, மெட்ராஸ் போய் ஒழுங்கா படி" என்றான்.