ஆறிய கால்

1987 பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சுவிட்சர்லாந்தின் ஓல்டனில் நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில், அன்றன்றைய நிலையைக் குறிக்கும் ராப்போர்ட் புத்தகத்தில் ஒரு வரி எழுதினேன். மூன்றாம் மாடி, ஜன்னலோரக் கட்டில், இடது குதிக்கால்: 'கால்ட்'. அந்த ஒரு சொல்லுக்காக அரை மணி நேரத்தில் வைத்தியர் வந்து நின்றார்.

ஜெர்மன் மொழியில் கால்ட் என்றால் குளிர்ந்தது. நான் சொல்ல நினைத்தது, புண் ஆறிவிட்டது என்று. எங்களுக்குத் தேத்தண்ணியும் ஆறும், புண்ணும் ஆறும். ஆறிப்போன தேத்தண்ணிக்கு இல்லத்தில் சொல்லப் பழகியிருந்த சொல்லையே குதிக்காலுக்கும் போட்டுவிட்டேன். வயதானவரின் கால் குளிர்ந்துவிட்டது என்றால் அங்கே இரத்தம் ஓடவில்லை என்று அர்த்தம். காலை எடுக்கவேண்டிக்கூட வரலாம்.

அந்தக் கட்டில்காரர் ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இடது குதிக்காலில் படுக்கைப் புண் இருந்தது; அதுதான் ஆறியிருந்தது. வலது காலில், கணுக்காலுக்குச் சற்று மேலே, வருடக்கணக்காக ஆறாத இன்னொரு புண். வைத்தியர் இரண்டு பாதங்களையும் மாறிமாறித் தொட்டுப் பார்த்தபோது கட்டில்காரர் கத்தினார்: "என்ர கால் நல்லாத்தான் இருக்கு. உங்கட கைதான் ஐஸ் மாதிரிக் குளிருது!"

வைத்தியர் போன பின் தலைமைத் தாதி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

ஜனவரியிலிருந்து திங்கள்தோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சாப்பாட்டு மண்டபத்தில், புண் பராமரிப்பு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து ஒரு ஆசிரியை வருவார். ஒன்பது பேர் படித்தோம். மற்ற எட்டுப் பேரும் தாதிமார். நான் துப்புரவுப் பகுதியிலிருந்து வந்தவன். மூன்று முறை எழுதிக் கேட்டபிறகே இடம் தந்தார்கள். புண்ணைப் பார்த்து எழுதவும் கட்டின் மேலே துணி சுற்றவும் விட்டார்கள்; புண்ணில் கை வைப்பதென்றால் கூடவே ஒரு தாதி நிற்கவேண்டும். முடிவில் ஒரு பரீட்சை. தேறினால் தனியாகக் கட்டு மாற்றலாம். தேறாவிட்டால் திரும்பவும் துடைப்பமும் வாளியும். என் அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வந்திருக்கவில்லை. இந்த நாட்டில் எத்தனை நாள் இருக்க விடுவார்களோ தெரியாது. விடும்வரையில் கைக்குக் கிடைக்கிற ஒரு வேலையை முழுதாகக் கற்றுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

"ஒரு பிழையான சொல் ஒரு காலைத் தின்னும்" என்றார் தலைமைத் தாதி. "இனி வகுப்புக்கு வரவேண்டாம்."

"பரீட்சைக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கு" என்றேன். "நாள்தோறும் ஒரு புண்ணைப் பற்றி எழுதித் தாறன். திருத்துங்கோ."

அவர் மேசையிலிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்துச் சட்டைப் பையில் செருகினார். "கடைசிக் கிழமையில் ஒரு சிவப்புக் கோடு விழுந்தாலும் பரீட்சை இல்லை."

அன்று மாலை என் அறைத் தோழனிடம் கதையைச் சொன்னேன். அவனும் யாழ்ப்பாணம், ரயில் சரக்குக் கொட்டகையில் வேலை. சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தான்.

"அண்ணை, இனிக் காய்ச்சல்காரரைக் கண்டா 'சுடச்சுட இருக்கிறார்' எண்டு எழுதிப்போடாதேங்கோ. கொண்டு வந்து பரிமாறிப்போடுவாங்கள்!"

"பகிடியை விடு. இந்தச் சொல்லுகளைக் கேள், நான் பாடமாக்கோணும்."

"உதுக்கேன் படிப்பு? புண்ணைக் காத்துப்பட விட்டாத் தானாக் காயும்."

"காயவிடக் கூடாதாம். ஈரப்பதமா மூடி வச்சாத்தான் தோல் கெதியா வருமாம்."

"ஈரமாயோ? அண்ணை, உங்களை வச்சு நல்லாப் பகிடி பண்ணுறாங்கள்."

நானும் முதலில் நம்பவில்லை. ஆசிரியை காட்டிய படங்களில் தேதி போட்டிருந்தது. தேதி வாரியாகப் பார்த்த பிறகு நம்பினேன். நம்மூரில் 'புண் காய்ந்துவிட்டது' என்பது நல்ல செய்தி. ஆகவே அந்தச் சொல்லும் எனக்கு ஆபத்தானது. ஒரு கொப்பி வாங்கினேன். 'ஆறு', 'காய்' இரண்டையும் முதல் பக்கத்தில் எழுதிக் கட்டம் போட்டு அடைத்தேன். இவற்றை மொழிபெயர்ப்பதில்லை. தேதி, நேரம், அளவுகோல் காட்டிய நீள அகலம், கண் கண்ட நிறம், மூக்கு உணர்ந்த மணம், கை உணர்ந்த சூடு: இவை மட்டும் எழுதுவது. எல்லாவற்றுக்கும் முதல், கட்டை அவிழ்க்க முன், கால்விரல்களைத் தொட்டுப் பார்ப்பது. நான் அடிபட்ட இடம் அதுதானே.

முதல் கிழமை தினமும் சிவப்பு. இரண்டாம் கிழமை நான்கு கோடுகள். மூன்றாம் கிழமை ஒன்றும் இல்லை.

பரீட்சை மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை. எனக்குக் கிடைத்தது ரயில்வேக்காரரின் வலது கால். அன்று காலை ஏழு மணிக்கு அந்தக் காலில், விரலடியிலிருந்து முழங்கால்வரை, வீக்கம் இறங்கச் சுற்றும் இழுவைத் துணியைச் சுற்றியது நான்தான். பிழை வரக்கூடாது என்று இறுக்கமாகவே சுற்றியிருந்தேன்.

ஆசிரியையும் தலைமைத் தாதியும் கட்டிலடியில் நின்றார்கள். நான் விரல்களைத் தொட்டேன். குளிர்ந்திருந்தன. இடது பாதத்தைத் தொட்டேன். சூடு.

கட்டைச் சட்டென்று அவிழ்த்தால் இரத்தம் திரும்பிவிடும், ஒருவருக்கும் தெரியாது என்ற எண்ணம் வரவில்லை என்று சொன்னால் பொய். பேனாவை எடுத்துத் தேதியையும் நேரத்தையும் எழுதினேன். அதன் கீழே எழுதினேன்: 'வலது கால்விரல்கள் கால்ட்.'

தலைமைத் தாதியின் கை சட்டைப் பைக்குப் போனது. "மறுபடியுமோ?"

"இந்த முறை உண்மையாகவே" என்றேன்.

அவர் குனிந்து புறங்கையை விரல்களில் வைத்தார். பிறகு மற்றப் பாதத்தில். பென்சில் பைக்குள்ளேயே இருந்தது.

"யார் கட்டினது?"

"அடுத்த வரியில் இருக்கு."

அதில் இருந்தது: 'கட்டு மிக இறுக்கம். காலை ஏழு மணிக்குக் கட்டியவன் நான்.'

ஆசிரியை அந்த வரியை வாசித்துவிட்டு, "அவிழுங்கள், விரல் நிறம் திரும்பட்டும், புண்ணைப் பார்த்து, திரும்பக் கட்டுங்கள்" என்றார். அவிழ்த்தேன். விரல்கள் மெல்லச் சிவக்கும்வரை காத்திருந்தேன். புண்ணை அளந்து எழுதி, புது மருந்துத் துணி வைத்து மூடி, துணியைப் பதமாகச் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் விரலைத் தொட்டுப் பார்த்தேன். அரை மணி நேரம் அப்படியே நின்று மறுபடியும் தொட்டேன்.

தமிழனுக்குக் குளிர்ந்தால் ஆறியது என்ற கதை மூன்றாம் மாடி முழுக்கப் பரவியிருந்தது. ரயில்வேக்காரர் தலையணையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இப்ப சூடாக் கிடக்கு. அப்ப இன்னும் ஆறேல்லையோ?"

தலைமைத் தாதி சிரித்ததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். என் தாளில் கடைசி வரிக்குக் கீழே நீலப் பேனாவால் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டு, தேதியையும் எழுதி, ஆசிரியையிடம் நீட்டினார். ஆசிரியையும் போட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மருந்துத் தள்ளுவண்டியைத் தனியாகத் தள்ளிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனேன். ஜன்னலோரக் கட்டிலில் போர்வையை விலக்கி, முதலில் விரல்களைத் தொட்டேன்.