தாளின் தலையில் ஒரு சுழி

முதல் மகாயுத்தம் மூளுவதற்குக் கொஞ்சம் முன்னால் பதுளையில் நடந்தது இது. அப்போது பதுளைக்குக் கோச்சி கிடையாது. தண்டவாளம் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து மாட்டு வண்டி, இல்லாவிட்டால் நடராஜா சர்வீஸ். எனக்கு இருபதைத் தாண்டிய வயது. உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நம்பிக்கொண்டிருந்த வயது.

பதுளைக் கடைவீதியில் எங்களுக்கு ஜவுளிக்கடை. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த அப்பா, தோட்டம் தோட்டமாகத் துணி மூட்டை சுமந்து விற்று, அப்புறம் கடை வைத்தவர். எனக்கோ கடையில் உட்கார உடம்பு வணங்கவில்லை. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்த திமிர் என்பார் அப்பா. இருக்கலாம், நான் மறுக்கவில்லை.

கணக்குப் பதிவில் முதல் பரீட்சையைப் பாஸ் பண்ணியிருந்தேன். அதற்கு மேல் கணக்கும் நிதி நிர்வாகமும் சேர்ந்த மேல்பரீட்சை ஒன்று உண்டு. இன்றைக்குப் பிள்ளைகள் காலேஜுக்குப் போய் எம்.காம். படிக்கிறார்களே, எங்கள் காலத்தில் அந்த ஸ்தானத்தில் இருந்தது அதுதான். வாத்தியார் கிடையாது. பாடம் சீமையிலிருந்து தபாலில் வரும். நாம் போட்டு அனுப்பிய கணக்கு கப்பலேறிப் போய், சிவப்பு மையில் அடிபட்டு, திரும்பிக் கைக்கு வரும்போது என்ன எழுதினோம் என்பதே மறந்து போயிருக்கும். மத்தியானம் கடையில் ஈ ஓட்டும் நேரம்தான் என் படிப்பு நேரம். வேட்டிக் கட்டுகளின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை விரித்துக்கொள்வேன். புதுத் துணியின் கஞ்சி வாசனை எங்கே வந்தாலும் இன்றைக்கும் எனக்கு அந்தப் பாடங்கள்தான் ஞாபகம் வருகின்றன.

அந்தப் படிப்பில் என்னைப் பாடாய்ப் படுத்தியது ஒரு சின்ன விஷயம். எங்கள் கடைப் பேரேட்டில் வரவு இடது பக்கம், பற்று வலது பக்கம். இங்கிலீஷ்காரன் பேரேட்டில் அப்படியே தலைகீழ். சரி, போகட்டும் என்று மாற்றிப் பழகினால், சொத்தையும் கடனையும் எதிரெதிரே நிறுத்தும் ஐந்தொகையைப் போடும்போது அவன் மறுபடியும் பக்கம் மாற்றிச் சொத்தை வலது பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறான்! மூளை எப்படியோ கற்றுக்கொண்டது; கை மட்டும் கடைசிவரை அப்பாவின் கையாகவே இருந்தது. நான் தலையைப் பிய்த்துக்கொள்வதைப் பார்த்து அப்பாவுக்கு ஒரே சிரிப்பு.

“எந்தப் பக்கம் எழுதினா என்னடா, கடைசியில ரெண்டும் சரியா நிக்கணும். அதைச் சொல்ல கப்பல்ல கடுதாசி வரணுமாக்கும்?” என்பார்.

சிரித்தாலும் அவர் கண்டிப்பாக ஒன்று சொல்லியிருந்தார். ஒரே தடவைதான் பரீட்சை. தேறினால் என் இஷ்டம். தேறாவிட்டால் புத்தகங்களை மூட்டை கட்டிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்துவிட வேண்டும், அப்புறம் படிப்பு என்ற பேச்சே எடுக்கக் கூடாது. தேறினால் சேர்த்துக்கொள்வதாகக் கொழும்பில் ஒரு கம்பெனி ஆபீசில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆக, என் முழு வாழ்க்கையும் அந்த ஒரு காலைப்பொழுதில் தொங்கிக்கொண்டிருந்தது.

பரீட்சை பதுளையிலேயே ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. அன்றைக்குப் பார்த்து விடியற்காலையிலிருந்தே மழை. வராந்தாவில் ஐந்தாறு பேர் ஒதுங்கி நின்றோம். அதில் தமிழர்கள் நானும் இன்னொருவரும்தான். என் வயதுதான் இருக்கும். கோட்டு இரவல் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. தோள் இரண்டும் சரிந்து, கை விரல் நுனி வரை மூடியிருந்தது. கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமாம். ஹல்துமுல்லை வரை நடந்து, அங்கிருந்து வண்டி பிடித்துப் பண்டாரவளை வழியாக வந்திருந்தார். பாதிரியார் ஒருவர் புத்தகம் கொடுத்துப் படிக்க வைத்தாராம்.

“எங்கப்பா, அம்மா ரெண்டு பேரும் பெரட்டுக்குப் போறவங்கங்க. தேறினா ஆபீஸ்ல கிளாக்கர் வேலைன்னு தோட்டத்து துரை சொல்லியிருக்காரு. இல்லேன்னா மறுநாளே நானும் காலையில பெரட்டுல போயி நிக்க வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். கொழுந்து பறிக்க ஆள் கூப்பிட்டுப் பிரித்து அனுப்பும் இடத்தைத்தான் பெரட்டு என்பார்கள்.

கடைவீதிக்காரர்கள் நாங்கள் தோட்டத்து ஆட்களை வாய்யா, போய்யா என்றுதான் பேசுவோம். பக்கத்தில் நின்ற ஒரு பறங்கிப் பையனிடம் இவர் பேசிய இங்கிலீஷைக் கேட்டதும் என் வாயில் தானாகவே ‘நீங்க’ வந்துவிட்டது.

உள்ளே மேற்பார்வைக்கு, சர்க்கார் கச்சேரியில் உத்தியோகத்திலிருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை வந்திருந்தார். உயரம், ஒல்லி, சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கும் முகம். சட்டதிட்டங்களை வாசித்தார். தாளில் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான். எழுதியவர் யார் என்று காட்டிக்கொடுக்கும் எந்த அடையாளமும் தாளில் இருக்கக் கூடாது. இருந்தால் தாள் ரத்து. நானும் எல்லாரோடும் சேர்ந்து தலையாட்டினேன்.

பக்கத்து மேசையில் கொஸ்லந்தைக்காரர் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு பேனாவை எடுத்தார். நானும் பேனாவை மையில் தோய்த்தேன், எழுத ஆரம்பித்தேன்.

அன்றைக்கு என் கை எப்படி ஓடியது தெரியுமா! பெரிய கணக்கு ஒன்றுக்கு ஐந்தொகை போட்டு, இரண்டு பக்கமும் கூட்டிப் பார்த்தால், சரியாக நின்றது. மழையையும் மீறி எனக்குப் பாடத் தோன்றியது. கல்லா என்னைவிட்டுத் தூரமாகப் போய், கொழும்பு பக்கத்தில் வந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், என் தாளின் மேல் ஒரு விரல் வந்து நின்றது.

நிமிர்ந்தால், துரை.

“இது என்ன?”

அவர் விரல் காட்டிய இடத்தைப் பார்த்தேன். தாளின் தலையில், நட்ட நடுவில், அம்சமாக ஒரு பிள்ளையார் சுழி. ஒரு தாளில் இருந்தால் பரவாயில்லையே, எழுதி முடித்த தாள் அத்தனையிலும் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதைப் போட்டது எனக்கே தெரியாது. பேனாவைப் பிடித்த நாளிலிருந்து அது இல்லாமல் நான் எதையும் தொடங்கியதில்லை. கடைச்சீட்டில், கடிதத்தில், பேரேட்டில், கூட்டிப் பார்க்கிற கிழிசல் காகிதத்தில்கூட முதலில் சுழி, அப்புறம்தான் மற்றது. புத்தி சட்டதிட்டத்தைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருக்க, கை தன்பாட்டில் அதன் வேலையைச் செய்திருக்கிறது.

எழுந்து நின்றேன். பக்கம் பக்கமாக இங்கிலீஷில் கணக்கு எழுதுகிறவனுக்கு அந்த நேரத்தில் இங்கிலீஷ் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ! “இது கடவுள், ஐயா” என்றேன்.

துரையின் புருவம் ஏறியது. “எந்தக் கடவுள்?”

“யானை” என்றேன்.

இந்தச் சுழியில் யானை எங்கே இருக்கிறது என்று அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்போது நினைத்தால் வயிறு குலுங்கச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். தாளைத் திருத்தப் போகிறவருக்கு நான் போட்ட ரகசிய அடையாளம் என்றே அவர் முடிவு கட்டிவிட்டார். என் தாள்களை ஒன்றாகச் சேர்த்து எடுத்துக்கொண்டு, “உங்கள் பரீட்சை முடிந்தது” என்றார்.

அப்பா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கல்லாவிலிருந்து எழுந்து எனக்கு இடம் விடுவாரே, அந்தக் காட்சிதான் கண்முன் வந்தது.

அப்போது பக்கத்து மேசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கொஸ்லந்தைக்காரர் எழுந்து நின்றிருந்தார். இரவல் கோட்டுக்குள்ளிருந்து கையை எப்படியோ வெளியே எடுத்து, மரியாதையாகத் துரையைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னார். எங்கள் ஜனங்கள் இந்தச் சுழி இல்லாமல் எந்தக் கணக்கையும் தொடங்க மாட்டார்கள் ஐயா. இது தேதி போடுவது போன்ற ஒரு வழக்கம். எல்லாரும் போடுவதால் இது எந்த ஆளையும் காட்டிக்கொடுக்காது. சொல்லிவிட்டுத் தன் மேசையைக் காட்டினார்.

“என் தாளிலும் இருக்கிறது, ஐயா.”

திடுக்கிட்டுத் திரும்பினேன். சிலுவை போட்டுக்கொண்டு பேனாவை எடுத்தவர்! அவர் தாளை எட்டிப் பார்த்தேன். இருந்தது. கொஞ்சம் கோணலாக, வால் நீண்டுபோய், பழக்கமில்லாத கை போட்டது என்று எனக்குப் பளிச்சென்று தெரிகிற மாதிரி ஒரு சுழி. மற்ற வரிகளெல்லாம் காய்ந்து கிடக்க, அது மட்டும் ஈரத்தோடு மினுமினுத்தது.

துரை கொஸ்லந்தைக்காரர் மேசைக்குப் போனார். குனிந்து அந்தத் தாளைப் பார்த்தார். ஈரம் என் கண்ணுக்கே தெரியும்போது அவர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்குமா? நிமிர்ந்து கொஸ்லந்தைக்காரர் முகத்தைப் பார்த்தார். இவரோ தலையைக் குனியவில்லை. என்னால் இப்போது இரண்டு பேர் தாளும் போகப் போகிறது என்று நினைத்தேன். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. சொன்னால் அவருக்குத்தான் இன்னும் கேடு.

துரை மேசையில் கிடந்த மை ஒற்றும் தாளை எடுத்தார். அந்தச் சுழியின் மேல் வைத்து, கட்டைவிரலால் மெதுவாக ஒரு அழுத்து அழுத்தினார். எடுத்துக் கீழே வைத்தார். பிறகு நேராக என்னிடம் வந்து என் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்.

“வழக்கம் என்றால் சரி. எழுதுங்கள், நேரம் போகிறது” என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

மிச்சத்தை எப்படி எழுதினேன் என்று கேட்காதீர்கள். மணி அடித்ததும் வராந்தாவுக்கு ஓடினேன். அவர் குடையை விரித்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்லத்தான் வந்தேன். “நீங்க வேதக்காரங்க ஆச்சே, ஏங்க இப்படிப் பண்ணினீங்க?” என்று கோபித்துக்கொள்கிறவன் மாதிரிதான் கேட்டேன்.

“எங்க கங்காணிக்கு நான்தாங்க கடுதாசி எழுதிக் குடுப்பேன். சுழி இல்லாட்டி அவரு கைநாட்டு வைக்க மாட்டாரு. அதைப் பாத்துப் பழகினதுதான்” என்றார்.

“ரெண்டு தாளையும் கிழிச்சிருந்தா?”

“கிழிச்சிருந்தா என்னங்க, வண்டி நிக்கிற எடம் வரைக்கும் ரெண்டு பேருமாப் பேசிக்கிட்டே நடந்திருப்போம்.” சிரித்தார். தெருமுனையில் பண்டாரவளை வண்டி கிளம்பத் தயாராக நின்றது. “போறேங்க, இதை விட்டா இன்னிக்கு வேற வண்டி இல்ல” என்று சொல்லிக்கொண்டே மழையில் இறங்கி ஓடினார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேரேட்டை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டதோ வேறு.

“அந்தப் பிள்ளை பேரு என்ன?”

பரீட்சைத் தாளில்தான் பெயர் எழுதக் கூடாது; வராந்தாவில் கேட்க யார் தடுத்தார்கள்? எனக்குத் தோன்றவே இல்லை. அப்பா எழுந்துபோய்க் கறுப்புக் கோட்டுத் துணி ஒன்றை நல்லதாகப் பார்த்து எடுத்து, காகிதத்தில் சுற்றி, கொஸ்லந்தைக்குப் போகிற வண்டிக்காரரிடம் கொடுத்து அனுப்பினார். இரண்டு வாரம் கழித்துப் பொட்டலம் அப்படியே திரும்பி வந்தது. “எந்தத் தோட்டம், எந்த லயத்து வீடு, பேரென்னன்னு கேக்குறாங்க முதலாளி. நான் என்னத்தைச் சொல்ல?” என்றார் வண்டிக்காரர். அப்பா அதைக் கொஞ்ச நாள் தனியாக வைத்திருந்தார். தீபாவளிக்கு விற்றுவிட்டார். வியாபாரி வியாபாரிதானே!

மாதங்கள் போய் முடிவு வந்தது. தேறியிருந்தேன். கொழும்புக்குப் போனேன், அதே உத்தியோகத்தில் தலை நரைத்து ஓய்வும் பெற்றுவிட்டேன். இடையில் ஊருக்கு வந்தபோதெல்லாம் கொஸ்லந்தைப் பக்கம் போய் விசாரித்திருக்கிறேன். ஒருவர் அவர் மலாயாவுக்குப் போய்விட்டார் என்றார், இன்னொருவர் அப்படி ஒரு ஆளே இல்லை என்றார். அவர் தேறினாரா, பெரட்டில் போய் நின்றாரா, எனக்குத் தெரியாது. சுழி போட்ட என் தாளை ஏற்றுக்கொண்டார்கள் என்றால் அவர் தாளையும் ஏற்றிருப்பார்கள்; ஏற்றிருந்தால் அந்த இங்கிலீஷுக்கும் அந்த மூளைக்கும் நிச்சயம் தேறியிருப்பார். எத்தனையோ கம்பெனிகளின் கணக்கை நேராக்கியவன் நான். இந்த ஒரு கணக்கை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டு மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

இந்த வயதிலும் ஒரு துண்டுச் சீட்டு எழுதினால்கூட அதன் தலையில் சுழி போட்டுத்தான் தொடங்குகிறேன். பிள்ளையாரை நினைத்துத்தான் பேனாவை வைக்கிறேன், ஆனால் சுழித்து முடிப்பதற்குள் முன்பின் தெரியாத ஒருவனுக்காகத் தன்னிடமிருந்த ஒரே தாளையும் பணயம் வைத்தாரே, அவர் முகம்தான் வந்து நிற்கிறது.