சேகரின் குதிகாலுக்கு மேலே ஒரு குழி

“எவன்டா என் கால்ல ஒதச்சது?”

போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மலேசியாவில், கிள்ளான் நகரில் நாங்கள் வாராவாரம் பேட்மிண்டன் ஆடும் ஹால். ஷட்டிலை எடுக்கப் பாய்ந்த என் நண்பன் சேகர், ‘பட்’ என்ற சத்தத்தோடு உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தபடியே திரும்பி என்னை முறைத்தான். நானோ நாலு எட்டு தள்ளி நிற்கிறேன். அவன் பின்னால் யாருமே இல்லை!

“சுளுக்குதான்லா,” என்று அவனே முடிவு கட்டினான். “நீதான் காலால பொறந்தவனாச்சே... வந்து நீவி விடு.”

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தலைக்கு முன்னால் கால் வெளியே வந்து பிறந்தவன் நான். அப்படிப் பிறந்தவன் தன் காலால் நீவினால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது நம் ஆட்களின் நம்பிக்கை. மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு இருக்கிற ஒரே பட்டம் இதுதான். விட்டுக்கொடுக்க மனசு வருமா?

மறுநாள் காலை அவன் வீட்டுக்குப் போனேன். சேகர் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். அடிபட்டது இடது கால் — கிளட்ச் மிதிக்கிற கால். எண்ணெயைச் சூடு பண்ணித் தயாராக வைத்திருந்தான். குப்புறப் படுக்க வைத்து, என் பாதத்தால் மெதுவாக நீவினேன். குதிகாலுக்குக் கொஞ்சம் மேலே, என் கட்டைவிரல் ஒரு குழிக்குள் இறங்கியது.

வலது காலில் அதே இடம் கயிறு மாதிரி விறைப்பாக இருந்தது. இங்கே... ஒன்றுமே இல்லை.

இது சுளுக்கு மாதிரி இல்லை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? சொல்லவில்லை.

ஏன் தெரியுமா? நான் பயந்தாங்கொள்ளி என்பது எங்கள் கோஷ்டிக்கே தெரியும். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்புகிறவன். யார் தும்மினாலும் டெங்கியா என்று கேட்கிறவன். “வந்துட்டாருய்யா டாக்டரு!” என்று சேகர்தான் முதலில் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்குப் பயந்து, பெரிய பயத்தை முழுங்கிவிட்டேன். மூன்று நாள் நீவினேன்! கணுக்கால் வீங்கி நீலம் பூத்தது.

நான்காம் நாள் தாங்கவில்லை.

“இடது கால் விரலை ஊன்றி எக்கி நில்லு பாப்போம்.”

சுவரைப் பிடித்துக்கொண்டு முயன்றான். குதிகால் தரையை விட்டு எழும்பவே இல்லை.

“வலி அவ்வளவா இல்லலா. ஆனா... எழும்ப மாட்டுது.” அவன் முகத்தில் பயத்தை அன்றுதான் பார்த்தேன்.

“கெளம்பு, ஆஸ்பித்திரிக்கு.”

“சுளுக்குக்கா? சிரிப்பானுங்கடா!”

“சிரிக்கட்டும்.”

இளம் பெண் டாக்டர். சேகரைக் குப்புறப் படுக்கச் சொல்லி, வலது கெண்டைச் சதையை அழுத்தினார். பாதம் அசைந்தது. இடது சதையை அழுத்தினார். பாதம் சும்மா கிடந்தது.

“அங்கிள், சுளுக்குன்னா மூட்டைப் பிடிச்சிருக்கிற நார் இழுபடுறது. இது வேற. கெண்டைச் சதையைக் குதிகால் எலும்போட சேர்க்கிற தசைநாண் அறுந்திருக்கு. பின்னாலருந்து யாரோ ஒதச்ச மாதிரி இருந்துச்சா?”

சேகர் என்னைப் பார்த்தான்.

“எண்ணெய் வாசனை அடிக்குதே, யாரு உருவி விட்டது?” என்றார் டாக்டர்.

நான் சுவரில் இருந்த எலும்புக்கூடு படத்தைப் பார்த்தேன்.

“அடிபட்ட புதுசுல சூடு காட்டக் கூடாது, உருவக் கூடாது. துணி சுத்தி ஐஸ் வச்சு, காலைத் தூக்கி வைக்கணும். சத்தம் கேட்டுச்சுன்னா, ஊன்ற முடியலன்னா, அன்னிக்கே வரணும்.”

“லோரி ஓட்ட முடியுமா டாக்டர்?” சேகரின் குரல் இறங்கிவிட்டது.

“ஆபரேஷன் பண்ணிடலாம், நேரம் தாண்டிடல. மாசக்கணக்காகும் அங்கிள். ஆனா ஓட்டலாம்னுதான் நெனைக்கிறேன்.”

அந்த ‘நெனைக்கிறேன்’ இன்னும் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. தேவையில்லாததற்கெல்லாம் சத்தம் போட்டுப் பயப்படுகிறோம். பயந்தே ஆக வேண்டிய இடத்தில் மட்டும் எப்படி இவ்வளவு மரியாதையாக வாயை மூடிக்கொள்கிறோம்?

ஆபரேஷன் முடிந்தது. கால் அசையாமல் இருக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த பெரிய பூட்ஸை மாட்டி சோபாவில் கிடந்தவனிடம் உண்மையைச் சொன்னேன்.

“மொத நாளே குழி தெரிஞ்சிச்சிடா. நாந்தான் சொல்லல.”

பக்கத்தில் கிடந்த தலையணையை எடுத்து என் மேல் வீசினான்.

“இனிமே பயமா இருந்தா வாயத் தொறந்து சொல்லித் தொலைலா!”

சொல்கிறேன். தையல் சிவந்திருக்கிறதா, விரல் மரத்துப்போகிறதா, காய்ச்சல் அடிக்கிறதா... காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை.

இப்போது அவன் என் போனை எடுப்பதே இல்லை!