பந்தை அமுக்கிய புருஷன்

1. ஜொகூர் பாருவில் பயிற்சி

மலாயாவில் லாபிஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரெஸராக, அதாவது டாக்டர் இல்லாத இடத்தில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிறவனாக, இருந்தேன். ஆஸ்பத்திரி என்று சொல்வது வாய்க்கு நன்றாயிருக்கிறது. உண்மையில் பலகைச் சுவர், ஆறு கட்டில், மலேரியா மருந்து, நான். அவ்வளவுதான். கை உடைந்து யாராவது வந்தால் ஒரு மூங்கில் சிம்பு வைத்து, விரல் நுனி வரைக்கும் துணி சுற்றி, 'ஆட்டாதே' என்று அனுப்பிவிடுவோம். எலும்பு கூடிவிடும். கைதான் அதற்குப் பிறகு ஒன்றுக்கும் உதவாது.

இப்படிப் பல தோட்டங்களில் நடந்ததால் எங்களையெல்லாம் ஜொகூர் பாருவுக்கு வரவழைத்து, கை எலும்பு முறிவுக்கென்றே ஒரு பயிற்சி வைத்தார்கள். பாடம் எடுத்தவர் பெரிய டிரெஸர் கந்தையா, யாழ்ப்பாணத்துக்காரர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, முகத்திலும் இருக்காது. எங்களை ஒருவர் கையை ஒருவர் கட்டச் சொல்வார். விரலை நேராக நீட்டிக் கட்டிவிட்டால் திட்ட மாட்டார். கட்டுப்பட்டவனிடம் சூடான தேநீர்க் கோப்பையை நீட்டி, "குடியும்" என்பார். அவன் அதைப் பிடிக்க முடியாமல் சட்டையில் ஊற்றிக்கொள்வான்.

"விளங்குதோ? எலும்பு கூடுறதுக்கு மூண்டு கிழமை காணும். விரல் இறுகிப் போச்சுதெண்டால் ஆர் வந்தாலும் மடக்கேலாது. உடைஞ்ச விரலை வளைச்சுக் கட்டுங்கோ. உடையாத விரலை முதல் நாளே ஆட்ட விடுங்கோ. கட்டு அவிழ்த்த பிறகு ரப்பர் பந்தைக் குடுத்து அமுக்கச் சொல்லுங்கோ." கிழமை என்றால் அவர் ஊரில் வாரம்.

ரப்பர் பந்துக்கு நாங்கள் எங்கே போவது என்று ஒருவன் கேட்டான். சிங்கப்பூர்க் கடையில் இங்கிலாந்துப் பந்து கிடைக்கும் என்றார். ரப்பர் காட்டுக்கு நடுவில் குடியிருக்கிறவர்கள் ரப்பர் பந்துக்குக் கடல் தாண்ட வேண்டுமா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கும் எனக்கு ஒரு கோப்பைத் தேநீர் கிடைத்தது.

2. காளியம்மா விழுந்தாள்

நான் திரும்பி வந்தபோது மரப்பால் விலை அடியோடு விழுந்து கிடந்தது. தோட்டம் தோட்டமாக ஆள் குறைத்துக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வயதானவர், நோயாளி, கை கால் விளங்காதவர் எல்லாம் முதலில்.

அந்த நேரம் பார்த்துத்தான் காளியம்மா பால்வாளியோடு வடிகால் பலகையில் வழுக்கி விழுந்தாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வலது கையில் மோதிர விரலுக்கு நேர் கீழே, உள்ளங்கை எலும்பு முறிந்திருந்தது. கந்தையா சொன்னபடியே சுருட்டிய பேண்டேஜ் ஒன்றை உள்ளங்கையில் வைத்து, விரலை அதன்மேல் வளைத்துக் கட்டினேன். கட்டி முடித்துவிட்டு நானே கொஞ்ச நேரம் அதன் அழகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வந்தார். அவருடைய தமிழ், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆள் விரட்டக் கற்றுக்கொண்ட தமிழ்.

"டிரெஸர், இந்தப் பொம்பளை மறுபடி கத்தி பிடிக்குமா?"

"பிடிக்கும் துரை."

"அடுத்த மாசக் கடைசி நான் பாக்கும். பிடிக்கல்லே, கப்பல்."

காளியம்மா பிறந்ததே அந்தத் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீட்டில், லயத்தில்தான். அம்மா அப்பா இருவரும் அங்கேயே காலமாகிவிட்டார்கள். இந்தியாவில் எந்த ஊருக்கு அவளை அனுப்புவது என்று அவளுக்கும் தெரியாது, துரைக்கும் தெரியாது. அவள் புருஷன் கோவிந்தன், "அவள அனுப்புனா நானும் போயிருவேன் ஐயா" என்று என் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஆறடி ஆள். மேசையும் அவனோடு சேர்ந்து ஆடியது.

3. பந்து

மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்தேன். எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. ஆனால் கை? உடைந்த விரல் வளைத்துக் கட்டிய கோணத்திலேயே நின்றது, உடையாத விரல்களோ தோசைக்கரண்டி மாதிரி விறைத்து நின்றன.

"விரல ஆட்டச் சொன்னேனே, ஆட்டுனியா?"

"ஆட்டுனேங்க." பார்வை மட்டும் தரையில் இருந்தது.

வெட்டிய கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உருட்டி நானே ஒரு பந்து செய்து கொடுத்தேன். நாற்றம் குடலைப் பிடுங்கும், ஆனால் இங்கிலாந்துப் பந்துக்கு அது எதிலும் குறைந்ததில்லை. காலையிலும் சாயங்காலமும் அமுக்க வேண்டும் என்று இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். ஒரு வாரம் போயிற்று. விரல் ஒரு நூல்கூட மடங்கவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பந்த அமுக்குறியா இல்லையா?"

கோவிந்தன் முந்திக்கொண்டான். "தவறாம நடக்குதுங்க ஐயா. அவளுக்கு வலிக்குதுன்னு நாந்தான் அமுக்குறேன். காலையிலயும் சாயங்காலமும், ஒரு நாளும் விட்டதில்ல."

நான் அவன் கையைப் பார்த்தேன். இரும்புக் கை. ஏற்கெனவே இரும்பு, இப்போது பந்தும் அமுக்கியாயிற்று.

"அட பாவி! ஒடஞ்சது யார் கைடா?"

"அவ கைதாங்க."

"அப்ப நீ அமுக்குனா அவ கை எப்படிடா மடங்கும்?"

அவன் யோசித்தான். அதுவரைக்கும் யோசித்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அன்று மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் லயத்துக்குப் போனேன். காளியம்மா காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். கோவிந்தன் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோற்றைப் பிசைந்து, முள் எடுத்து, உருட்டி உருட்டி அவள் வாயில் வைக்கிறான். கை ஒடிந்த நாளிலிருந்து மூன்று வேளையும் இதுதான் நடப்பாம். தலை வாருவது அவன், சேலை பிழிவது அவன், வெற்றிலை மடிப்பது அவன். பக்கத்து வீட்டுப் பெண்கள் இதைப் பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டு ஆண்களை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா ஊட்டுடா," என்றேன். "கப்பல்லயும் ஊட்டிக்கிட்டே போ. அங்க எறங்கி எந்த ஊருன்னு கேட்டா ரெண்டு பேரும் திருதிருன்னு முழிங்க."

அவன் கை பாதியில் நின்றது. காளியம்மா முகம் வெளுத்துவிட்டது.

4. சோறுதான் மருந்து

அன்றோடு ஊட்டுவதற்குத் தடை போட்டேன். இனி அவள் வலது கையால் அவளேதான் சாப்பிட வேண்டும். யோசித்துப் பார்த்தால் சோற்றைப் பிசைவது, கூட்டுவது, உருட்டுவது, எல்லாம் விரலுக்கான வேலைதானே? அப்புறம் என்னத்துக்குப் பந்து? வெந்நீரில் கையை ஊற வைத்துவிட்டு, முதலில் குழைந்த சோறு. அது வசப்பட்ட பிறகு ரசம் விட்டது. அதற்கும் பிறகுதான் கருவாடு, முள்ளை அவளே எடுக்க வேண்டும்.

முதல் நாள் சோறு முழுக்கப் பாயில் கிடந்தது. வலியில் அவள் அழுதாள். கோவிந்தன் கங்காணியிடம் ஓடிப் போய், "டிரெஸரு எம் பொஞ்சாதியப் பட்டினி போட்டுக் கொல்றாரு" என்று புகார் சொன்னான். கங்காணி என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில், கங்காணியாரும் வேண்டுமானால் வந்து ஒரு வேளை ஊட்டிவிட்டுப் போகட்டும் என்றேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

காளியம்மா நான்கைந்து நாள்தான் அழுதாள். அதற்குப் பிறகு அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஐயா, கரண்டியில தின்னுற தொரைக்குக் கை ஒடஞ்சா என்ன மருந்து குடுப்பீங்க?"

"பந்து குடுப்போம்."

"பாவம்லா," என்றாள், சோற்றை உருட்டியபடியே. உருண்டை உடையவில்லை. மோதிர விரல் மட்டும் கொஞ்சம் பின்தங்கி வந்து சேர்ந்துகொண்டது.

5. மாசக் கடைசி

துரை அவளை ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போய்க் கத்தியைக் கொடுத்தார். பட்டையை ஆழமாக வெட்டி மரத்தில் காயம் விழுந்தால் நல்ல கை உள்ளவரையே அவர் சும்மா விட மாட்டார். கோவிந்தன் பின்னாலேயே வந்து, அவள் மணிக்கட்டைத் தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டினான்.

காளியம்மா திரும்பிப் பார்த்தாள். "நீங்க சும்மா நில்லுங்க."

அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அவள் கத்தியைப் பிடித்தாள். விரல் நான்கும் பிடியில் உட்கார்ந்தன. பட்டை மெல்லிசாகச் சுருண்டு விழுந்தது, பால் கோடு பிடித்து இறங்கியது. துரை குனிந்து, மூக்கு மரத்தில் இடிக்கிற மாதிரி காயம் தேடினார். கிடைக்கவில்லை.

"சரி. நாளைக்கு பெரட்டுக்கு வா," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கோவிந்தன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். நானும் உட்கார்ந்திருப்பேன், டிரெஸர் கௌரவம் தடுத்தது.

அன்று சாயங்காலம் இருவரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கோவிந்தன் தலையைச் சொறிந்தான்.

"ஐயா, இனிமே ஊட்டலாங்களா?"

"இன்னும் ஒரு மாசம் போவட்டும்," என்றேன். அவன் முகம் விழுந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"ஐயா வெளையாடுறாரு, வாங்க நீங்க," என்று அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வலது கையால்தான்.

இப்போது பயிற்சிக்குப் போய்வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கை உடைந்து வருகிறவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். அடுத்தபடியாக, வீட்டில் அவர்மேல் ரொம்பப் பாசமாக இருப்பது யார் என்று கேளுங்கள். அந்த ஆளைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வையுங்கள். வைத்தியத்தை அந்த ஆளிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.