மல்லிகைப் பாத்தியில் ஒரு தாலி

ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியரிடம் உலோகம் கண்டறியும் கருவி ஒன்றைக் கொடுத்துவிட்டால் அவருடைய பகல்கள் எப்படியாவது கழிந்துவிடும் என்பது என் மகளின் கணக்கு. என் மனைவி மறைந்த மூன்றாம் மாதத்தில் அது வந்து சேர்ந்தது. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் அது கண்டெடுத்துத் தந்த செல்வம் நான்கு சோடா மூடிகளும் ஒரு குழாய்த் திருகும். ஆயினும் தெருமுனையில் பூக்கட்டும் பெண்மணி வழியாக என் புகழ் பரவிவிட்டது. அவருக்குப் பூ கொண்டுவரும் கன்னிவாடிப் பக்கத்து விவசாயி ஒருநாள் காலையில் என் வாசலில் வந்து நின்றார்.

அவருடைய மனைவி மல்லிகை பறிக்கையில், நைந்துபோன மஞ்சள் கயிறு அறுந்துவிட்டது. கயிறு செடியில் சிக்கிக் கிடந்தது, தாலியைக் காணவில்லை. மூன்று நாளாக அந்த அம்மாள் தாலிக்குப் பதிலாகக் கழுத்தில் விரலி மஞ்சளைக் கட்டிக்கொண்டு, சரியாகச் சாப்பிடாமல் இருக்கிறாராம். வேறு செய்து போட்டுக்கொள்ளலாம் என்று இவர் ஆறுதலாகச் சொல்லப்போக, அன்றிலிருந்து இவரோடு பேச்சும் இல்லையாம்.

தோட்டத்துக்குப் போனதும் முதல் சிக்கல் விளங்கியது. பதற்றத்தில் அவர் பாத்தி முழுவதையும் மண்வெட்டியால் கொத்திப் புரட்டியிருந்தார். மண்ணின் மேல் மின்னிக்கொண்டு கிடந்திருக்கக்கூடிய பொருளை, தேடுகிறேன் பேர்வழி என்று அவரே புதைத்து வைத்திருந்தார். அதை நான் எடுத்துச் சொல்லவில்லை. பேச்சை நிறுத்துமுன் அவருடைய மனைவியே அதைப் பலமுறை சொல்லியிருப்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

வளையலும் மெட்டியும் கருவியைக் குழப்பும் என்பதால் அந்த அம்மாளை மோட்டார் அறைப்பக்கம் போய் நிற்கச் சொன்னேன். என் கைக்கடிகாரத்தையும் கழற்றிக் கொடுத்தனுப்பினேன். செம்மண்ணிலேயே இரும்புச்சத்து உண்டு. அதன் முணுமுணுப்பு அடங்கும்வரை கருவியைச் சரிசெய்துவிட்டுத் தொடங்கினேன். ஓசை கேட்கும் இடமெல்லாம் பொருள் கிடக்கும் இடமன்று. கருவியின் வட்டத் தலையைக் கிழமேற்காக வீசி, ஓசை உச்சத்தைத் தொடும் கோட்டை மனத்தில் கிழிக்க வேண்டும். பிறகு தென்வடலாக வீசி மறு கோட்டைக் கிழிக்க வேண்டும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் குச்சியை ஊன்றினால், அதற்கு நேர் கீழே தோண்டலாம்.

குச்சியை ஊன்றினேன். முழங்கால் மடங்காத காரணத்தால் தோண்டும் பொறுப்பை விவசாயியிடம் விட்டேன். அவர் குத்தவைத்துத் தோண்ட, நான் மேலிருந்து குழியைச் சோதித்தேன். குழி கத்தியது. குழியை அடுத்த மண் கத்தியது. தோண்டாத இடமும் கத்தியது. அரைமணி நேரத்தில் மூன்று குழிகள் விழுந்தன, தாலி அகப்படவில்லை. மோட்டார் அறைப்பக்கமிருந்து, மல்லிகைக்குப் பதில் தென்னங்கன்று வைக்கப்போகிறார்களா என்று ஒரு விசாரணை வந்தது.

அப்போதுதான் கவனித்தேன். அவர் குனியும்போதெல்லாம் ஓசை எழுந்தது, நிமிரும்போது அடங்கியது. இடுப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். வெள்ளி அரைஞாண்கொடி என்றார். இடுப்பைச் சுற்றிய உலோக வளையம்! அதைவிட உரக்கக் கருவியை அழைக்கக்கூடிய பொருள் அந்தத் தோட்டத்திலேயே கிடையாது. நாற்பதாண்டு வகுப்பில் பாடம் நடத்தியவனுக்கு அது தெரிய மூன்று குழிகள் தேவைப்பட்டன. கழற்றி வைக்கச் சொன்னேன். அவர் கையைக் கொண்டுபோய்விட்டு அப்படியே நிறுத்தினார்.

"என்னவாம்?" என்று குரல் வந்தது. மூன்று நாளில் மனைவி அவரை நோக்கிக் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று பிறகு சொன்னார்.

"அருணாக்கொடியக் கழத்தணுமாம்."

"கழத்துவீக, கழத்துவீக. தாலி தொலஞ்சது பத்தாதுன்னு அதையும் அவுக்கப் போறீகளா? நான் குத்துக்கல்லாட்டம் நிக்கையில இடுப்புல கை வச்சீகன்னா தெரியும் சேதி."

எங்கள் பக்கத்தில் மனைவி போன பிறகுதான் ஆண்மகனின் அரைஞாணை அறுப்பார்கள். இதில் விவாதிக்க ஏதுமில்லை. அப்படியானால் தள்ளி நில்லுங்கள், நானே தோண்டுகிறேன் என்றேன்.

"ஒங்க இடுப்புலயும் கெடக்கும்ல சார்? அதும் கத்துமே."

"எனக்கு இல்லை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியையும் தூக்கிக்கொண்டு வரப்புக்குப் போய்விட்டார்.

முழங்கால்களோடு சிறிது பேச்சுவார்த்தை நடத்தி, ஈர மண்ணில் உட்கார்ந்தேன். தோட்டம் இப்போது அமைதியாக இருந்தது. இரு கோடுகளையும் புதிதாகக் கிழித்தேன். அவை வெட்டிக்கொண்ட இடம் பழைய குழிகளுக்கு ஒரு சாண் கிழக்கே, ஒரு செடியின் தூரையொட்டி இருந்தது. வேரில் காயம் படாமல் கையாலேயே மண்ணை அள்ளி, கருவியின் தலையைத் தரையில் கிடத்தி, ஒவ்வொரு பிடியாக அதன்மேல் காட்டினேன். ஏழெட்டுப் பிடிகள் வாய் திறக்கவில்லை. அடுத்த பிடி, சுருக்கமாகவும் தெளிவாகவும், ஒரே ஒரு முறை ஒலித்தது. உள்ளங்கையில் மண்ணை உதிர்த்தேன். நகத்தளவு பொன் தெரிந்தது.

உரக்கக் கூப்பிட்டேன். அந்த அம்மாள் செடிகளைத் தாண்டி ஓடிவந்தார். அவர் வருவதற்குள், அதை மீண்டும் தரையில் வைத்துவிட்டுக் கையை விலக்கிக்கொண்டேன். இந்தச் சகுனங்களிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் வைத்தேன்.

அவர் குனிந்து எடுக்கவில்லை. தரையையும் என் கையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"எடுத்துக் குடுங்கய்யா" என்றார். "மூணு நாளா மண்ணுல கெடந்திருக்கு. ஒங்க கையில செத்த நேரம் இருந்தா என்ன ஆயிரப்போகுது?"

எடுத்தேன். வேட்டி முனையில் துடைத்துக் கொடுத்தேன். இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டார். கருவி பெரிதாக அலறியது. அவருடைய வளையல்கள் வந்துவிட்டன. கருவியை அணைத்தேன். விவசாயி மடியிலிருந்து புது மஞ்சள் கயிற்றை எடுத்தார். அதை அவர் மூன்று நாளாகவே மடியில் வைத்திருந்திருக்கிறார்.

"மொதல்ல கையக் கழுவிட்டு வாங்க" என்று அவரை விரட்டினார் அந்த அம்மாள். அவர் மோட்டாரைப் போட ஓடினார். நான் எழுந்திருக்க இரண்டு முறை முயன்று தோற்றேன். மூன்றாம் முறை, தாலியை முந்தானையில் முடிந்துகொண்டு, அந்த அம்மாளே கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.