மில்லிமீட்டர் எடுத்த வானம்

பட்டறையில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. முதலாளி அப்படித்தான் கூப்பிடுவார், வண்டி கொண்டுவருகிறவர்களும் அப்படித்தான் கேட்டு வருவார்கள். கார்களுக்கு வீல் அலைன்மென்ட் பார்ப்பது அவர் வேலை. பள்ளத்தில் இறங்கிய கார், ஓரக்கல்லில் இடித்த கார், ஸ்டீயரிங்கை விட்டால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடும் கார், எல்லாம் அவரிடம் வரும். நான்கு சக்கரத்திலும் கவ்விகளை மாட்டி, திரையில் எண்களைப் பார்த்து, அடியில் இறங்கி ஒரு நட்டைக் கொஞ்சமே கொஞ்சம் திருப்பி, மேலே வந்து பார்த்து, மறுபடி இறங்குவார். திரையில் சிவப்பு எண் பச்சையானதும் மற்றவர்கள் வண்டியை இறக்கிவிடுவார்கள். இவர் பச்சைக்குள்ளும் நடுவைத் தேடுவார்.

"வண்டி நேராத்தானேய்யா போகுது, விட்டுடேன்" என்பார் அவசரக்காரர் யாராவது.

"நேரா போகுதுன்னு நீங்க நினைக்கிறீங்க சார். டயர் அப்படி நினைக்கல."

இப்படிப்பட்ட மனிதரை வானத்தின் பக்கம் திருப்பிவிட்டது அவர் மனைவி.

அவள் ஆயத்த ஆடை தைக்கும் கம்பெனியில் செக்கிங் மேஜையில் இருந்தாள். குழல்விளக்கு வெளிச்சத்தில் சட்டையைப் பரப்பி, தையல் விட்ட இடம், நூல் பிசகிய இடம் எல்லாவற்றிலும் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவாள். அவள் கண்ணுக்குத் தப்பிய சட்டை இல்லை என்பார்கள். ஆனால் பொழுது சாய்ந்தால் அதே கண் ஒன்றுக்கும் உதவாது. சிறுவயதிலிருந்தே அப்படி. இருட்டில் எல்லோருக்கும் அப்படித்தான் போல என்று கல்யாணம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமான புதிதில் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது கேட்டாள்: "நட்சத்திரம் நட்சத்திரம்னு எல்லாரும் பேசறாங்களே, மொத்தம் எத்தனைங்க இருக்கும்?"

"அதை எண்ண முடியுமா?"

"சும்மா சொல்லாதீங்க. நான் நல்லா பாத்திருக்கேன். அஞ்சு."

அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை என்பதைச் சற்றுப் பொறுத்துத்தான் கவனித்தார்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. இருட்டான இடம் எதுவானாலும், அவளை விட்டு நகரும்போது அவள் கையை எதன்மேலாவது வைத்துவிட்டுப் போவார். கரண்ட் போனால் கதவு நிலை. தியேட்டரில் படிக்கட்டுக் கம்பி. தெருமுனையில் ஸ்கூட்டர் கண்ணாடி. "இதைப் பிடிச்சுக்கோ, வந்துடறேன், விடாத" என்பார். யோசித்துச் செய்வதில்லை. கையும் நாக்கும் தாமாகச் செய்யும்.

பல வருஷம் அப்படிப் போயிற்று. பிறகு பகலிலும் அவள் இடிக்கத் தொடங்கினாள். கம்பெனியில் துணிவண்டி பக்கவாட்டில் வந்தது தெரியாமல் மோதி விழுந்தாள். கண் மருத்துவர் விழித்திரை ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு வருவதாகச் சொன்னார். குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் தெரியும், அந்தக் குழாயும் ஒல்லியாகிக்கொண்டே போகும், நிறுத்த மருந்து இல்லை என்றார்.

"எவ்வளவு வேகத்துல சார் போகும்?" என்று கேட்டார் மில்லிமீட்டர். "ஒரு கணக்கு இருக்குமில்ல?"

மருத்துவர் பேனாவை மூடினார். "ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி."

அளக்க முடியாத ஒன்றை எப்படிச் சரிசெய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வீடு வரும் வழியில் அவள்தான் சொன்னாள்: "விடுங்க. சட்டை நிறைய பாத்தாச்சு."

அவர் எண்ணம் நேரானது. அவளால் இருட்டுக்குப் போக முடியாது. இருட்டைப் பகலுக்குக் கொண்டுவந்துவிட்டால்? வானத்தைப் பெரிதாகப் படம் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் அவள் முன்னால் வைத்துவிட வேண்டும். அவள் பார்வைக் குழாய் அடைபடுவதற்குள்.

பழைய கேமரா ஒன்றும் அகல லென்ஸ் ஒன்றும் கிடைத்தன. தானே படித்து, தானே கெடுத்து, தானே கற்றுக்கொண்டார். இருட்டு வானத்துக்குக் கேமரா நெடுநேரம் கண் திறந்திருக்க வேண்டும். ஆனால் பூமி சுற்றுகிறது. கண் திறந்திருக்கும் நேரத்துக்குள் நட்சத்திரம் எல்லாம் கோடாக இழுத்துக்கொள்ளும். ஸ்டீயரிங் இழுக்கிற கார் மாதிரியே என்று நினைத்தார். அதற்கும் ஒரு கருவி இருந்தது. டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி. டிராக்கர் என்பார்கள். மூன்று கால் ட்ரைபாட் மேல் அதைச் சாய்த்துப் பொருத்தி, அதிலுள்ள சின்னக் குழாய்க்குள் துருவ நட்சத்திரத்தைச் சரியான புள்ளியில் நிறுத்திவிட்டால், மேலே உட்கார்ந்த கேமராவை அது வானத்தின் வேகத்திலேயே மெல்லத் திருப்பும். வானம் நின்றுவிட்ட மாதிரி நட்சத்திரங்கள் புள்ளி புள்ளியாக விழும்.

மொட்டை மாடியில் அவர் அதைப் பழகுவதைப் பார்த்து மனைவியின் தம்பி சொன்னான்: "மாமா, காருக்குப் பண்ணீங்க, சரி. இப்ப உலகத்துக்கே அலைன்மென்ட் பாக்கறீங்களா?"

அவன் சரக்கு வேன் ஓட்டுகிறவன். வாய் ஓயாது, கேட்டால் மறுக்கமாட்டான். மழைக்காலம் தொடங்குமுன் நிலா இல்லாத நாளாகப் பார்த்து வேனை எடுத்து வந்தான். ஊர் வெளிச்சம் எட்டாத மலைப்பாதையில் லாரிகள் நின்று இளைப்பாறும் ஒரு வெட்டவெளி இருந்தது. விடிவதற்கு நன்றாக முன்னால் அங்கே போய்விட்டால் பால்வீதி தலைக்கு மேல் கிடக்கும்.

அவளும் வருவேன் என்றாள்.

"உனக்கு அங்க ஒண்ணும் தெரியாதே" என்றார்.

"எனக்குத்தானே எடுக்கறீங்க? நான் இல்லாம எடுத்தா அது யார் வீட்டுப் படம்?"

போய்ச் சேர்ந்ததும் மில்லிமீட்டர் டிராக்கர் முன்னால் மண்டியிட்டார். துருவ நட்சத்திரம் அடிவானத்துப் புகைமூட்டத்தில் தாழ்வாகக் கிடந்தது. பிடித்தார், தவறவிட்டார், மறுபடி பிடித்தார். தம்பி முன்சீட்டில் காலை நீட்டிக்கொண்டான்.

"மாமா, சூரியன் வந்துடும் போல. அதையே எடுத்துட்டுப் போயிடலாம், அது ஒண்ணுதான், ஈஸி" என்றான், அப்படியே தூங்கிவிட்டான்.

கடைசியில் நட்சத்திரம் புள்ளியில் உட்கார்ந்தது. சோதனைக்குச் சின்னதாக ஒன்று எடுத்துப் பார்த்தார். மங்கல்தான், ஆனால் ஒவ்வொன்றும் ஊசி குத்தியதுபோல் இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக நீண்ட படங்கள் தானாக எடுக்கும்படி ரிமோட்டை அமைத்து ஓடவிட்டார். அவள் அவர் தோளைத் தொட்டபடி பக்கத்திலேயே நின்றாள்.

"என்ன இருக்குங்க மேல?"

"மாவு கொட்டின மாதிரி இருக்கு."

"அஞ்சுக்கு மேலயா?"

"அஞ்சுக்கு மேல."

அப்போதுதான் ஒரு லாரி திரும்பி வந்து, முகப்பு விளக்கு இவர்களை நோக்கியே எரிய நின்றது. படமெல்லாம் வெளுத்துவிடும். அவர் பதறி எழுந்தார்.

"ஏங்க, எங்க போறீங்க?"

அவள் கையைப் பற்றி, பக்கத்தில் இருந்த எதன்மேலோ வைத்தார். "இதைப் பிடிச்சுக்கோ, வந்துடறேன், விடாத." சொல்லிக்கொண்டே ஓடினார்.

"அண்ணே, லைட்டைக் கொஞ்சம் அணைங்க."

"எதுக்கு? இந்த நேரத்துல இங்க என்னய்யா பண்றீங்க?"

"நட்சத்திரத்தைப் படம் எடுக்கறோம்."

"அது எங்க ஓடிடப் போகுது? விடிஞ்சப்புறம் எடு."

"ஓடுதுண்ணே. அதான் பிரச்சினையே."

லாரிக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார். ஆனால் வண்டி நின்றதே வேறு காரணத்துக்கு. ரேடியேட்டர் குழாய் பிய்ந்து ஆவி சீறிக்கொண்டிருந்தது. ஒரு மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது. டார்ச்சைத் துணியால் மூடி, கசியும் வெளிச்சத்தில் குழாயை அறுத்து மாட்டி, கம்பியால் இறுக்கி முடித்தபோது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது.

திரும்பி வந்தார். அவர் விட்டுப்போன இடத்திலேயே அவள் விறைத்து நின்றிருந்தாள். மலைக்காற்றில் பல் கிட்டிப்போயிருந்தது. வலது கை ட்ரைபாட்டின் ஒரு காலை இறுகப் பற்றியிருந்தது.

"விடவே இல்லைங்க" என்றாள்.

அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, தன் துண்டால் சுற்றினார்.

வீட்டில் கணினியில் பார்த்தார். பார்க்காமலே தெரிந்ததுதான். முதல் படம் லாரி விளக்கில் வெளுத்திருந்தது; அவர் ஓடிய பிறகு விழுந்த எல்லாப் படத்திலும் நட்சத்திரங்களுக்குச் சின்னச் சின்னக் கொக்கி. ஒரு படத்தில் உள்ள அத்தனைக்கும் ஒரே கொக்கி. அடுத்த படத்தில் வேறு கொக்கி, அத்தனைக்கும் அதே. அவள் குளிரில் நடுங்கியது அப்படியே பதிந்திருந்தது. மறுநாள் மேகம் ஏறியது. பிறகு மழை பிடித்துக்கொண்டது.

அவளோ தினமும் கேட்டாள். "படம் எங்கங்க?" இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இருப்பதில் சுமாரான ஒன்றைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு வந்து ஜன்னலோர மேஜையில் விரித்தார். அவள் குனிந்தாள். சட்டை பார்ப்பதுபோல மேல் மூலையில் தொடங்கி வரிவரியாக வந்தாள்.

"எல்லாத்துக்கும் வால் இருக்கே."

"அது அப்படித்தான் இருக்கும்."

"எல்லாத்துக்கும் ஒரே மாதிரி வால்." விரலால் தட்டினாள். "ஒரு சட்டையில தப்பு இருந்தா தைச்சவ தப்பு. எல்லாச் சட்டையிலயும் ஒரே தப்புன்னா மெஷின் ஆடியிருக்குன்னு அர்த்தம். யார் ஆட்டினது?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் என்னத்தைப் பிடிச்சிட்டிருந்தேன்?"

"வேன் கம்பி."

"உங்க வேனுக்கு மூணு காலா?"

அவர் மாட்டிக்கொண்ட முகத்தோடு நின்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மழை விடட்டும், மறுபடி போகலாம். இந்தத் தடவை என்னை எதையும் பிடிக்கச் சொல்லாதீங்க."

மழை அந்த வருஷம் விடாமல் பெய்தது. நடுவில் அவள் வேலையை விட்டாள். தட்டில் பக்கத்தில் வைத்த கிண்ணத்தைத் தடவித் தேட ஆரம்பித்தாள். அவர் தினமும் வானத்தைப் பார்த்தார். முறைத்துப் பார்த்தால் மேகம் விலகிவிடும் என்பதுபோல.

மழை விட்டதும் போனார்கள். இந்தத் தடவை அந்தி முடிந்து இருட்டியவுடனேயே பால்வீதி மேற்கே சாய்ந்து நின்றது. அவள் வேனுக்குள்ளேயே கதவைப் பிடித்தபடி இருந்தாள். லாரி வரவில்லை, காற்று இல்லை. ஒரு கொக்கி இல்லை, ஒரு இழுப்பு இல்லை. மூலையில் இருந்த நட்சத்திரம்கூட வட்டமாக விழுந்தது. தம்பியே படத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, இது நிஜமாவே நீங்க எடுத்ததா?" என்றான்.

உச்சி வெயில் நேரத்தில் அதை ஜன்னலோரம் விரித்தார். அவள் பார்த்தாள்.

"ரொம்ப நல்லாருக்குங்க."

"எது?"

"எல்லாம்தான்."

"எங்க, ஒண்ணைத் தொட்டுக் காட்டு."

அவள் விரல் காகிதத்தின் மேல் நகர்ந்து நகர்ந்து ஓர் இடத்தில் நின்றது. அந்தப் படத்திலேயே ஒன்றுமில்லாத, சுத்தமான கறுப்பு அது.

"இதோ" என்றாள்.

"ஆமா" என்றார் அவர்.

புள்ளிகள் அவளுக்கு எட்டாத அளவு நுணுக்கமாகிவிட்டன. அவர் ஒரு துண்டை மட்டும் பெரிதாக்கிக் கொண்டுவந்தார். அவள் பார்வைக்குள் மூன்றோ நான்கோதான் விழுந்தன. "இது என்னங்க, பல்பா?" என்றாள். சின்னதாக்கினால் வானம் இருந்தது, நட்சத்திரம் இல்லை. பெரிதாக்கினால் நட்சத்திரம் இருந்தது, வானம் இல்லை. வெவ்வேறு அளவில் போட்டுப் பார்த்தார். நடு என்று ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பிரின்ட் கடைக்காரர், "இன்னும் எத்தனைதான் சார்?" என்று கேட்கும்வரை போட்டார்.

"அந்த வால் வச்சது எங்கங்க?" என்று ஒருநாள் அவளே கேட்டாள்.

கொண்டுவந்து விரித்தார். அவள் விரல் கொஞ்சம் அலைந்து, ஒரு கொக்கியின் மேல் நேராகப் போய் நின்றது. "இது தெரியுது. நான் ஆட்டினது."

அதைச் சட்டம் போட்டு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினார். நல்ல படம் பீரோவுக்குப் பின்னால் போனது. காலையில் வெயில் சுவரில் ஏறும்போது அவள் போய் நிற்பாள். அவர் பட்டறைக்குக் கிளம்பும் நேரம் அது. "இன்னைக்கு நல்லாத் தெரியுது" என்பாள். "சரி" என்று செருப்பை மாட்டுவார்.

அடுத்த கோடையில் ஒருநாள் செருப்போடு திரும்பிப் பார்த்தார். அவள் பார்வை படத்துக்கு ஒரு சாண் இடதுபுறம், வெறும் சுவரில் பதிந்திருந்தது.

"இன்னைக்கு ரொம்பத் தெளிவா இருக்குங்க."

"சரி" என்றார்.

அன்று பட்டறையில் ஒரு காரை மூன்று தடவை இறக்கி ஏற்றினார். முதலாளி வந்து, "பச்சைதானய்யா காட்டுது?" என்று கேட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் வீடு வந்ததும் சுத்தியலை எடுத்து, அவள் பார்த்த இடத்தில், ஒரு சாண் இடதுபுறம், புதிதாக ஓர் ஆணி அடித்தார். என்ன சத்தம் என்று அவள் அடுப்படியிலிருந்து கேட்டாள். படம் கோணலாக இருந்தது என்றார். மட்டம் வைத்துப் பார்த்து மாட்டினார்.

மறுநாள் காலை அவள் வந்து நின்றாள். நேற்றுப் பிசகியதைத் திருத்திக்கொள்பவள்போல முகத்தை மெதுவாக வலதுபுறம் திருப்பி, படம் இல்லாத பழைய ஆணியைப் பார்த்தாள்.

"இன்னைக்கும் நல்லாருக்குங்க" என்றாள்.